கோ சொல்ல மறந்த ஆண்டு

இதை எழுதுவது ஒருவரின் கை. சொல்வது நாங்கள் இருவரும். ஒரு பெண் குழந்தையின் தாயும் தந்தையும். எங்களுள் ஒருவர் மட்டும் இதை எழுதியிருந்தால் பிழையில் பாதியை மற்றவர் தலையில் இறக்கிவைக்கும் சபலம் எழுந்திருக்கும். ஆகவே 'நாங்கள்' என்றே தொடங்குகிறோம்.

நாங்கள் வசிப்பது பாளையங்கோட்டையில். தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று இவ்வூரைச் சொல்லிப் பெருமைகொள்வோர் இன்றும் உண்டு. பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை; பழைய பள்ளிகளின் பரந்த மைதானங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மாலை நான்கரை மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால், சீருடை மாற்றாத பிள்ளைகளின் சைக்கிள்கள் அம்மைதானங்களைத் தாண்டிச் சென்று டியூஷன் வீடுகளின் வாசலில் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவற்றுள் ஒன்று எங்கள் மகளுடையது.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து கோ-கோ ஆடிவந்தாள். எட்டாம் வகுப்பில் பள்ளி அணியில் இடம் கிடைத்தது. பள்ளி விட்டதும் ஆறு மணி வரை பயிற்சி. முழங்காலில் செம்மண்ணும், வாசற்படியில் கால் வைக்கும்போதே "அம்மா, பசிக்குது" என்ற குரலுமாகத்தான் வீட்டுக்குள் வருவாள். குளித்து, சாப்பிட்டு, ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். படுத்தால் அடுத்த நிமிடம் தூக்கம்.

எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் 71 மதிப்பெண். மற்ற பாடங்களில் எண்பதுக்கு மேல். "அடுத்த வருஷம் நைன்த். இப்பவே கொஞ்சம் டைட் பண்ணிட்டீங்கன்னா டென்த்ல கஷ்டப்பட வேண்டாம்" என்றார் வகுப்பாசிரியை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாங்களும் கெட்ட எண்ணத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் கோ-கோவை நிறுத்துவதென்று முடிவெடுத்தோம். வாரம் ஐந்து நாள், நாள்தோறும் இரண்டு மணி நேரம், கணிதமும் அறிவியலும் டியூஷன்.

"பத்தாவது முடியட்டும்மா. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் விளையாடு."

"ரெண்டு வருஷம் கழிச்சாப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. நாங்கள் அதைப் பக்குவம் என்று எடுத்துக்கொண்டோம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் இக்கட்டுரையே பொய்யாகிவிடும். அவ்வாண்டு ஜனவரியில்தான் அவள் வயதுக்கு வந்திருந்தாள். அவளுடைய ஆச்சி அப்போதே முனகத் தொடங்கிவிட்டாள். "வயசுக்கு வந்த புள்ளைய அரை டவுசரப் போட்டு ஊருக்கு முன்னால ஓட விடுதியளே, நல்லாவா இருக்கு?" நாங்கள் படித்தவர்கள், புத்தகம் வாசிப்பவர்கள், "காலம் மாறிட்டும்மா" என்று ஆச்சியின் வாயை அடைத்தோம். ஆனால் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அவள் கால்களைத் தொடர்ந்த பார்வைகளை நாங்களும் கவனித்துத்தான் இருந்தோம். மதிப்பெண் பட்டியல் வந்தபோது, ஆச்சியின் காரணத்தை வாயால் சொல்லாமலேயே ஆச்சி விரும்பியதைச் செய்ய எங்களுக்கு ஒரு கௌரவமான வழி கிடைத்தது. 71 என்ற எண் அதற்கு உதவியது.

*

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் கணிதம் 64. புது வகுப்பு, பாடம் கடினம், போகப்போகச் சரியாகும் என்று சமாதானம் செய்துகொண்டோம். அரையாண்டில் 58.

எண்களைவிட எங்களை உலுக்கியது வேறொன்று. மனப்பாடச் செய்யுளை அவள் எப்போதும் விளையாட்டாகப் படிப்பவள். எட்டாம் வகுப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்து, நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "கேளுங்க" என்று புத்தகத்தை எங்கள் கையில் கொடுப்பாள். பிசகு இருக்காது. இப்போது மேசையில் குனிந்து பத்து மணி வரை அதே நான்கு குறட்பாக்களை முணுமுணுத்தாள். மறுநாள் காலையில் கேட்டால் இரண்டாவது குறளின் பாதியில் நின்று விழித்தாள். ஒரே வரியை மூன்று முறை வாசித்துவிட்டு, "என்ன படிச்சேன்னே தெரியலம்மா" என்பாள். இரவு பதினொன்றரைக்கும் புரண்டுகொண்டிருந்தாள். காலையில் எழுப்புவது பெரும்பாடு.

"கிளாஸ்ல உக்காந்துதான் இருக்கா. மனசு எங்கேயோ இருக்கு" என்றார் ஆசிரியை.

இக்காலப் பெற்றோர் செய்யும் அனைத்தையும் நாங்களும் செய்தோம். கைபேசியைப் பூட்டி வைத்தோம். வல்லாரைச் சூரணம் வாங்கினோம். பாதாம் ஊறவைத்தோம். டியூஷனில் அரை மணி நேரம் கூட்டினோம். தோப்புக்கரணத்திற்கு ஆங்கிலப் பெயர் சூட்டி, காதுமடலைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தால் மூளை கூர்மையாகும் என்று சுற்றிவரும் காணொளியைக்கூடப் பார்த்து, பத்து நாள் போடச் சொன்னோம். பிள்ளையாருக்குப் போடும்போது இருந்த மகிழ்ச்சி அதில் அவளுக்கு இல்லை.

கடைசியில் ரத்தசோகையாக இருக்குமோ என்று மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அது நியாயமான சந்தேகம்தான். இரும்புச்சத்துக் குறைந்தால் பிள்ளைகளுக்குச் சோர்வும் கவனக் குறைவும் வரும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தது. தைராய்டும் சரி. அறிக்கையை மடித்துக்கொண்டே மருத்துவர் அவளிடம் கேட்டார்: "சாயங்காலம் என்னம்மா விளையாடுவ?"

அவள் எங்களைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

*

அன்றிரவு எங்களில் ஒருத்தி தூங்கவில்லை. அவளும் தன் பதின்மூன்றாம் வயதுவரை எறிபந்து ஆடியவள். ஒரு நாள் அவளுடைய அம்மா "போதும் ஆடினது" என்றாள். மறுநாள் முதல் ஆட்டம் நின்றது. விளக்கம் கேட்கும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. அதே ஆண்டுகளில் எங்களில் மற்றவன், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் வரை தெருவில் கிரிக்கெட் ஆடினான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தடுக்கப்பட்டவளும் தடுக்கப்படாதவனும் சேர்ந்து உட்கார்ந்து அதே முடிவை இன்னொருத்திக்காக எடுத்திருக்கிறோம். வேறு சொற்களில், அதே வயதில்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் பள்ளி மாணவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. 11 முதல் 17 வயது வரையிலானவர்களில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடல் அசைய விளையாடுவதோ நடப்பதோ ஓடுவதோ இல்லாதவர்கள் 81 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 78. பெண் பிள்ளைகளில் 85. அந்த 85-இல் ஒருத்தியை நாங்கள் கைப்பிடித்து அழைத்துப் போய்ச் சேர்த்திருந்தோம்.

அதன் பின் வாசிக்கத் தொடங்கினோம். நாங்கள் விஞ்ஞானிகள் அல்லர். இலக்கியம் வாசித்துப் பழகியவர்கள். ஆயினும் எளிய மொழியில் எழுதப்பட்டவற்றிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்கள்வரை, இரவுகளில் இருவரும் மாறிமாறி வாசித்தோம். விளங்கிய அளவில் இங்கே சொல்கிறோம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது. அதனாலேயே மனத்தில் நின்றது. ஒன்பது பத்து வயதுக் குழந்தைகள் 20 பேர். ஒரு நாள் அவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு நாள் 20 நிமிடம் ஓடுபொறியில் விறுவிறுப்பாக நடந்தார்கள். இதயத் துடிப்பு தணிந்த பின் இரண்டு நாளும் ஒரே சோதனை. திரையில் ஒரு வரிசையாகச் சில குறிகள் தோன்றும்; நடுவிலிருப்பது எத்திசை நோக்குகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். பக்கத்திலிருப்பவை எதிர்த் திசையைக் காட்டி ஏமாற்றும். நடந்த நாளில் குழந்தைகள் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். கவனம் ஒரு பொருளின்மீது குவியும்போது மூளையில் எழும் மின்னலை அன்று உயரமாக இருந்தது. படித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் அன்று மேலாகச் செய்தார்கள்.

கவனம் என்பது பார்க்க வேண்டியதைப் பார்ப்பது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். பக்கத்தில் இழுப்பவற்றைப் பாராதிருப்பதும் அதில் சரிபாதி என்பது இச்சோதனையை வாசித்தபோதுதான் உறைத்தது. அந்தப் பாராதிருக்கும் திறன்தான் எங்கள் மகளிடம் தேய்ந்திருந்தது.

ஒரு நாள் நடையின் பயன் சிறிது நேரத்தில் கரைந்துவிடும். தொடர்ந்து விளையாடினால்? ஹில்மனின் குழுவே அதையும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 221 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் பள்ளி விட்ட பின் இரண்டு மணி நேர விளையாட்டுத் திட்டம், ஒன்பது மாதம். மறுபாதியினர் காத்திருப்போர் பட்டியலில். ஆண்டு முடிவில், கவனச் சிதறலை அடக்குவதிலும், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு மனத்தை மாற்றிக்கொள்வதிலும் விளையாடியவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். பள்ளி விட்ட பின் இரண்டு மணி நேரம்! எங்கள் டியூஷனின் அதே நேரம்.

நினைவைப் பற்றியும் உண்டு. மூளையின் உட்பகுதியில் கடல்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. இன்று கற்றது நாளையும் நினைவிருக்க அதன் வேலை தேவை. 1999-இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தார், சுழல் சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு அப்பகுதியில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகத் தோன்றியதையும் அவை கற்பதில் முந்தியதையும் கண்டார்கள். 2010-இல் இல்லினாய் குழுவினர் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் 49 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், உடல் வலுவும் மூச்சு வலுவும் மிக்க குழந்தைகளுக்கு ஹிப்போகாம்பஸின் பருமன் ஏறத்தாழ 12 சதவீதம் பெரிதாக இருந்தது. ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்தி நினைவில் வைக்கும் சோதனையிலும் அவர்களே முந்தினார்கள். ஓடுவதால் பெரிதானதா, அல்லது பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள் ஓட விரும்புகிறார்களா என்பதை ஒருமுறை எடுத்த படம் சொல்லாது. அதையும் குறித்துக்கொண்டோம்.

எங்கள் குற்ற உணர்வை மிகவும் கிளறியது இவற்றைவிடப் பழைய ஓர் ஆய்வு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ட்ருவா ரிவியேர் என்ற நகரம். 1970-களில் அங்கும் அதைச் சுற்றியும் 546 தொடக்கப் பள்ளி மாணவர்களை வைத்து ராய் ஷெப்பர்டும் அவர் குழுவினரும் நடத்திய சோதனை. ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் கூடுதலாக ஒரு மணி நேர உடற்கல்வி. அந்த நேரத்தைப் பாடங்களிலிருந்தே எடுத்தார்கள். பாட நேரம் 13, 14 சதவீதம் குறைந்தது. பெற்றோர் மனம் எப்படிப் பதைத்திருக்கும்! முடிவில் மதிப்பெண்கள் குறையவில்லை; சற்றே கூடியிருந்தன.

நாங்களோ தலைகீழாகச் செய்திருந்தோம். எங்கள் வீட்டில் மட்டும் அன்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது: ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்திலுள்ள இரண்டு பி.டி. பீரியடுகளில் ஒன்றைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா? கை தூக்கியவர்களில் நாங்களும் இருந்தோம். அக்கூடத்தின் வெளிச்சுவரில் பாரதியின் 'பாப்பா பாட்டு' பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழ் நடந்துதான் வெளியேறினோம். 2023-இல் தமிழகச் சட்டமன்றத்திலேயே, விளையாட்டு வகுப்புகளைப் பிற பாடங்களுக்குக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. செய்தியை வாசித்துச் சிரித்திருந்தோம். கடன் வாங்குவது ஆசிரியர்கள் என்றே எல்லாரும் பேசுகிறோம். கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் பெற்றோர்.

*

இனி மறுபக்கம். ஆய்வுகளை வாசிக்க வாசிக்க ஒரு மயக்கம் வரும். ஓடினால் போதும், மூளை தானே வளரும் என்று. அந்த மயக்கத்தைத் தெளிவித்தவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அடேல் டயமண்ட். அவரும் டாஃப்னி லிங் என்பவரும் 2016-இல் எழுதிய விமர்சனக் கட்டுரையில், மனம் ஈடுபடாத வெறும் உடற்பயிற்சி கவனக் கட்டுப்பாட்டை உயர்த்துகிறது என்பதற்குச் சான்று மெலிந்தது என்றார்கள். ஹில்மன் தரப்பு அதை மறுத்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. 2019-இல் அமிகா சிங் தலைமையில் ஒரு வல்லுநர் குழு அதுவரையிலான தலையீட்டு ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, சிந்தனைத் திறன் முழுவதையும் உயர்த்துகிறது என்று அறுதியிட்டுச் சொல்லச் சான்று போதாது, கணிதத் திறனுக்கு மட்டும் வலுவான சான்று உண்டு என்று முடித்தது. கணிதம் என்ற சொல்லைக் கண்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

டயமண்டின் விமர்சனம் எங்களுக்கு வேறொரு கதவைத் திறந்தது. உடலோடு மனமும் ஓட வேண்டும் என்றால், கோ-கோவைவிட எது பொருந்தும்? எட்டுப் பேர் ஒரு கோட்டில் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை நோக்கிக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாமவள் துரத்துவாள். எதிரணியினர் மூன்று மூன்று பேராக வந்து இடைவெளிகளில் புகுந்து ஓடுவார்கள். துரத்துபவள் குந்தியிருப்பவர்களுக்கு இடையே நுழையக் கூடாது. எடுத்த திசையிலிருந்து திரும்பவும் கூடாது. பிடிக்க முடியாதென்று கண்டால், குந்தியிருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு 'கோ' என்பாள். அவள் எழ, இவள் அங்கே அமர்வாள். ஆகவே குந்தியிருப்பவள் சும்மா இருக்க முடியாது. யார் எங்கே ஓடுகிறாள், யார் களைத்திருக்கிறாள், அடுத்த கோ தனக்கா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறான கோவுக்கு எழத் துடிக்கும் காலை அடக்கவும் வேண்டும். ஓடுபொறியில் நடத்திய சோதனையை எங்கள் பிள்ளைகள் செம்மண்ணில் குந்தியிருந்தே செய்துவந்திருக்கிறார்கள்.

இத்தாலியில் கத்தரீனா பேஷே குழுவினர் 11, 12 வயது மாணவர்களிடம் 2009-இல் செய்த சோதனையிலும் இதற்கு ஓர் ஒற்றுமை கண்டோம். உடற்கல்வி வகுப்புக்குப் பின் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். வரிசைப் பயிற்சி செய்தவர்களும் குழுவாக விளையாடியவர்களும் சற்று நேரம் கழித்துக் கேட்டபோது கூடுதல் சொற்களைச் சொன்னார்கள். உடனடியாகக் கேட்டபோது குழு விளையாட்டுக்குப் பின்னரே கூடுதலாகச் சொல்ல முடிந்தது.

*

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் டியூஷனை வாரம் இரண்டு நாளாகக் குறைத்தோம். மகளிடம் சொன்னபோது அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தோம். "டீம்ல எடம் இருக்காதுப்பா" என்றாள்.

அவள் சொன்னதே நடந்தது. பி.டி. சாரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். எங்களைக் குறை சொல்லவில்லை. "வரட்டும் சார், தாராளமா பிராக்டிஸ் பண்ணட்டும். ஆனா டீம் செட் ஆயிட்டு. ஏழாவது படிக்கிற பிள்ள ஒண்ணு அவ இடத்துல ஆடுது, நல்லா ஆடுது. அதைத் தூக்கிட்டு இவளப் போட முடியாது பாத்துக்கிடுங்க." சற்று நிறுத்திவிட்டு, "பொம்பளப் பிள்ளைய எட்டாவதோட நிக்கிறது எனக்குப் புதுசில்ல சார். திரும்பி வர்றதுதான் புதுசு" என்றார்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எங்களுக்குத் துணிவில்லை.

முதல் வாரம் பத்து நிமிடத்தில் மூச்சிரைத்து ஓரமாக உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகள் அவளைச் சுற்றி ஓடி விளையாட்டுக் காட்டின. மூன்றாம் வாரம் பழைய குரல் வாசற்படியில் கேட்டது: "அம்மா, பசிக்குது." பத்து மணிக்குமுன் தூங்கத் தொடங்கினாள். ஒரு நாள் இரவு முற்றத்தில் நடந்துகொண்டே செய்யுள் சொல்லிவிட்டு, "கேளுங்க" என்று புத்தகத்தை நீட்டினாள். வாங்கிய கை நடுங்கியது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். எனினும் எங்களில் ஒருவருக்கு நடுங்கத்தான் செய்தது.

முழு ஆண்டுத் தேர்வில் கணிதம் 69. எட்டாம் வகுப்பின் 71-ஐக்கூட எட்டவில்லை. வாசகர்கள் இங்கே ஒரு 95-ஐ எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும். அந்த 11 மதிப்பெண் ஏற்றத்துக்கும் கோ-கோதான் காரணமென்று சத்தியம் செய்ய எங்களால் இயலாது. தூக்கம் சீரானது ஒரு காரணமாக இருக்கலாம். டியூஷன் குறைந்து தானே கணக்குப் போட நேரம் கிடைத்தது ஒரு காரணமாக இருக்கலாம். வயதுக்கு வந்த முதலாண்டின் குழப்பம் தணிந்ததும் காரணமாக இருக்கலாம். ஒரு பிள்ளையை வைத்து எந்த ஆய்வும் செய்ய முடியாது. அவள் முகத்தைத்தான் நாங்கள் பார்த்தோம். முகத்துக்கு அளவுகோல் கிடையாது.

இதை எழுதி வரும்போதே ஒரு கேள்வி எங்களை உறுத்துகிறது. இத்தனை ஆய்வுகளையும் நாங்கள் ஏன் தேடினோம்? விளையாட்டால் கவனம் கூடும், நினைவு கூடும், கணக்கில் மதிப்பெண் கூடும் என்று நிறுவிய பின்னர்தான் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவளுடைய மாலைப் பொழுதைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மனம் வந்திருக்கிறது. பள்ளியிலும் உறவினரிடமும் வாதாட அவ்வாய்வுகள் நல்ல துணை. ஆச்சியிடம்கூட "டாக்டர் ஓடச் சொல்லிருக்காரும்மா" என்று சொல்லித்தான் சமாளித்தோம். ஆனால் நாளைக்கே வேறோர் ஆய்வாளர் வந்து, விளையாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று நிறுவிவிட்டால்? அப்போதும் அவளை ஓட விடுவோம் என்றுதான் சொல்ல விரும்புகிறோம்.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. உறவினர் வரும்போதெல்லாம், "இன்னுமா கிரவுண்டுக்குப் போறா?" என்ற கேள்வியும் வருகிறது. சென்ற வாரம் பயிற்சி முடிந்து அவளை அழைத்துவரப் போயிருந்தோம். அணியில் இன்றும் அவள் மாற்று ஆட்டக்காரிதான். அன்று பயிற்சி ஆட்டத்தில் கோட்டின் கடைசியில் குந்தியிருந்தாள். வெகுநேரம் அவளுக்குக் கோ வரவில்லை. ஆனாலும் அவள் கண்கள் ஓடுபவர்களை விட்டு ஒரு கணமும் விலகவில்லை. கடைசியில் வந்தது, எழுந்து பாய்ந்தாள், யாரையும் பிடிக்கவில்லை, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து அமர்ந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "இந்தத் தடவ காலாண்டுல மார்க் கொறஞ்சா மறுபடியும் நிறுத்திருவீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றோம். இருவரும்தான் சொன்னோம். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி விழுந்துவிட்டது. பெரிதொன்றுமில்லை, ஒரு மூச்சு நேரம். அவள் அதைக் கவனித்துவிட்டாள். கவனக் குறைவு என்று மருத்துவரிடம் நாங்கள் அழைத்துப் போன பிள்ளை அவள்.